முதல் பெஞ்சு வாத்து

ஆனாலும் அந்த வாத்தை நீங்கள் முதல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கக் கூடாது டீச்சர். அப்போதே சொன்னேன். மூக்கு உடைந்து, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, சூளையில் வேகும்போதே கோணிப்போன சரக்கு அது. முதல் வரிசை என்றால் பார்க்க லட்சணமாக நாலு கிளி இருக்க வேண்டாமா? நீங்கள் கேட்கவில்லை. "முன்னாடி உக்கார வேண்டியது இதுதான் தனம். பின்னாடி வுட்டா தூங்கிடும்" என்றீர்கள். பீங்கான் வாத்து எந்த இடத்தில் உட்கார்ந்தால் தூங்காது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

நாளைக்குப் போகி. வீட்டுக்காரரை ஏணியில் ஏற்றிப் பரணை ஒழிக்கச் சொன்னேன். கவர்மெண்டு டிவி வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக் கீழே கொடுத்தார். உள்ளே பழைய பேப்பரில் சுற்றி உங்கள் வகுப்பு முழுவதும் இருந்தது. கிளிகள், தும்பிக்கை இல்லாத யானை, கடைசியில் அந்த வாத்து. திருப்பிப் பார்த்தால் அடியில் பென்சிலால், உங்கள் கையெழுத்தில், இங்கிலீஷில் 'செல்வி' என்று இருந்தது.

"இதையெல்லாம் கடாசிடலாமா?" என்று ஏணியிலிருந்து கேட்டார்.

"வாயக் கழுவுங்க. பத்தாங்கிளாஸ் பசங்க அதுங்க" என்றேன். அவர் சிரித்ததில் ஏணி ஆடியது. நான் பிடித்துக்கொண்டேன். வாத்தை ஒரு கையில் பிடித்திருந்ததால் அவரை ஒரு கையால்தான் பிடிக்க முடிந்தது. அதற்கும் ஒரு பேச்சு வாங்கினேன்.

நீங்கள் எங்கள் பக்கத்துப் போர்ஷனுக்குக் குடிவந்தபோது, வேதக்காரக் குடும்பம், நம் பூசை புனஸ்காரத்துக்கு ஒத்துவருமா என்று நான் பழமலைநாதரிடம் கேட்காத நாள் இல்லை. அப்புறம் பார்த்தால், நம் இரண்டு பேருக்கும் நடுவே இருந்த சுவர்தான் ஒத்துவரவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் காய் நறுக்கிக்கொண்டே பேசுவீர்கள், நான் இந்தப் பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டே பேசுவேன். ஒருவர் பேசி முடித்து மற்றவர் ஆரம்பிப்பது என்ற வழக்கமே நமக்குள் கிடையாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, இரண்டு பேரும் முழுக்கக் கேட்டுக்கொள்வோம். அது எப்படி முடிந்தது என்று எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

நீங்கள் ரிட்டையர் ஆகப்போகிற வருஷம்தான் உங்கள் பேச்சுக்கு வினை வந்தது. சனிக்கிழமை சனிக்கிழமை இங்கிலீஷ் டீச்சர்களுக்கெல்லாம் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். நீங்கள் சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு போவீர்கள், முகத்தையும் சுருட்டிக்கொண்டு திரும்புவீர்கள். வகுப்பில் டீச்சர் பேசக் கூடாதாம், பிள்ளைகள்தான் பேச வேண்டுமாம். தமிழில் அர்த்தம் சொல்லக் கூடாதாம், நடித்துக் காட்ட வேண்டுமாம். இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைத்து அவர்களையே பேச விட வேண்டுமாம். சொல்லிக்கொடுத்தது போதாதென்று, பயிற்சி நடத்துகிற மேடம் நேரிலேயே வந்து வகுப்பைப் பார்த்தார். உங்கள் மகள் வயசுதான் இருக்கும். ஸ்கூட்டியில் வந்து இறங்கி, கடைசி பெஞ்சில் ஒரு தாளோடு உட்கார்ந்தாராம்.

அன்று சாயங்காலம் நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேசவில்லை. நேரே வந்து எங்கள் அடுப்படியில் உட்கார்ந்தீர்கள்.

"கோடு போட்டுக்கிட்டே இருக்குது தனம் அந்தப் பொண்ணு. நான் பேசினா என் பக்கம் ஒரு கோடு. பசங்க பேசினா அவங்க பக்கம் ஒரு கோடு. கடைசியில காட்டுது. என் பக்கம் நாத்து நட்ட வயல் மாதிரி நெருக்கமா நிக்குது. பசங்க பக்கம் கோடையில ஏரி மாதிரி கெடக்குது."

"டீச்சருன்னா பேசத்தான சம்பளம்?" என்றேன்.

"அதத்தான் நானும் கேட்டேன். அதுக்கும் ஒரு கோடு போட்டுருச்சு."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயத்தைச் சொன்னீர்கள். பள்ளிக்கூடச் செக்ரட்டரி கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். மேடம் இன்னொரு முறை வந்து பார்ப்பார், அப்போதும் இப்படியே இருந்தால் பத்தாம் வகுப்பு இங்கிலீஷைப் புதிதாக வந்த டீச்சரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் ரிட்டையர் ஆகும் வரை லைப்ரரியைப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார். உங்கள் பள்ளியில் லைப்ரரி என்பது ஒரு அலமாரி. அதன் சாவியும் ஹெட்மாஸ்டரிடம் இருந்தது. இத்தனை வருஷம் பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் நடத்தியவர், கடைசி சில மாதம் ஒரு பூட்டிய அலமாரிக்கு எதிரே உட்கார வேண்டும். மே மாதம் உங்களுக்கு ரிட்டையர்மெண்ட். "பத்தாங்கிளாஸ் டீச்சராவே வெளிய வந்துடணும் தனம். அது ஒண்ணுதான்" என்றீர்கள். உங்கள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அதிலிருந்து தொடங்கியதுதான் எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடம். செராமிக் கம்பெனியில் எனக்கு, அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்தில் நிற்கிற பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்து எடுக்கிற வேலை. சூளையில் கோணிப்போனதையும் விரிசல் விட்டதையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்வார்கள். வீடு நிறைய அதுதான். நீங்கள் அவற்றைத் தரையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளையின் பெயர் எழுதினீர்கள். பிள்ளையார் பொம்மையையும் எடுக்கப் போனீர்கள்.

"சாமியப் போயி பெஞ்சு மேல ஏத்தாதீங்க டீச்சர். பதில் சொல்லலன்னா திட்டுவீங்க" என்றேன்.

"சரி, அப்ப மாதாவையும் எடுத்து வை. அவங்களக் கேள்வி கேட்டா எனக்கு நாக்கு வராது" என்றீர்கள். இரண்டு மதத்துச் சாமிகளும் ஷெல்ஃபுக்குப் போனார்கள். மிச்சமிருந்த பறவைகளும் மிருகங்களும் பத்தாம் வகுப்பு ஆயின.

என்னை மேடமாக்கிக் கடைசியில் உட்கார வைத்தீர்கள். கோடு போட எனக்குக் கை வரவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஒரு கை புளியங்கொட்டையும் கொடுத்தீர்கள். நீங்கள் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் ஒரு கொட்டை போட வேண்டும். டங் என்று சத்தம் கேட்டதும் நீங்கள் நிறுத்த வேண்டும். பார்வையாளர் எதுவும் பேசக் கூடாது என்பது இன்னொரு சட்டம். அந்தச் சட்டம் வந்த அரைமணி நேரத்திலேயே எனக்கு என்று தனியாக இன்னொரு டம்ளர் வந்தது. அதுதான் முதலில் நிறைந்தது.

நடித்துக் காட்டுகிற பாடம் ஞாபகம் இருக்கிறதா? பசி என்பதற்கு வயிற்றைத் தடவினீர்கள், புரிந்தது. தூக்கம் என்பதற்குக் கொட்டாவி விட்டீர்கள், நானும் விட்டேன். அப்புறம் என்னமோ மார்பை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி, கழுத்தை விறைத்துக்கொண்டு அப்படியே நின்றீர்கள். பார்வையாளர் பேசக் கூடாது. அதனால் நான் எழுந்துபோய்த் தைலம் எடுத்துவந்து உங்கள் கழுத்தில் தேய்த்துவிட்டேன். நீங்கள் கையைத் தட்டிவிட்டு, "பெருமை தனம், பெருமை. பெருமைப்படறதக் காட்டினேன்" என்றீர்கள். தமிழில் சொன்னதால் ஒரு கொட்டை போட்டேன். அதிலிருந்து மூன்று நாளைக்கு உங்கள் வகுப்பில் தைல வாசனை.

இன்னொரு நாள் நீங்கள் கையைத் தட்டி, இடுப்பை ஆட்டி, பிள்ளைப் பாட்டு ஒன்று பாடிக்கொண்டு பொம்மைகளைச் சுற்றிவந்த நேரத்தில், இரவுச் சூளை பார்த்துவிட்டு வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார். தரையில் கிளிகள் ஜோடி ஜோடியாக முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நான் மூலையில் இரண்டு டம்ளரோடு அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

"யாருக்கு என்னா ஆச்சு? கோடாங்கிய ஏன் கூப்புடல?" என்றார்.

"இது இங்கிலீசு" என்றேன்.

"இதுக்கா பசங்க ஃபெயிலாவுதுங்க?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

இப்படி எல்லாம் செய்தும் உங்கள் டம்ளர் குறையவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. நீங்கள் எதிரே ஒரு கிளியைக் கண்டாலே பேச ஆரம்பித்துவிடுகிறீர்கள், நாற்பது பிள்ளைகளைக் கண்டால் என்ன ஆகும்? மனிதரால் ஆகாதது என்று தெரிந்தபின் எங்கே போவேன்? மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தேன். கோர்ட்டில் மனுக் கொடுப்பது போல, குறையைத் தாளில் எழுதி முருகன் பாதத்தில் வைத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டால் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். அன்று ராத்திரிச் சோற்றுக்கு முன்பே உங்களிடம் பெருமையாகச் சொன்னேன்.

"என்னான்னு எழுதின?" என்றீர்கள்.

"அந்த மேடம் உங்க வகுப்புக்கு வரவே கூடாதுன்னு."

"நான் நல்லா நடத்தணும்னு எழுதக் கூடாதா?"

"அது சாமிக்குக் கஷ்டம் டீச்சர்" என்றேன். நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னேன். நீங்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உங்கள் பக்கம் போய்விட்டீர்கள்.

மேடம் வர வேண்டிய நாளுக்கு முந்தின நாள், ஜங்ஷன் ரயில்வே கேட்டு மூடப்போகிறதே என்று அவசரத்தில் ஸ்கூட்டியை முறுக்கி, தண்டவாளத்தில் சறுக்கி விழுந்து, மேடத்துக்குக் கால் எலும்பு விட்டுப்போச்சு. கேள்விப்பட்டதும் கொளஞ்சியப்பர் இருக்கிற திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். உங்களுக்கு அதைவிட மோசமான செய்தி வந்தது. மேடம் வர முடியாததால், முதலில் பார்த்த ரிப்போர்ட்டை வைத்தே முடிவு செய்துவிடலாம் என்று செக்ரட்டரி சொல்லிவிட்டாராம்.

"கெளம்பு. போயி வாபஸ் வாங்கு" என்றீர்கள்.

"பலிச்ச பிராத எப்புடி டீச்சர் வாபஸ் வாங்குறது?"

"ஒரு பொண்ணு கால ஒடச்சுத்தான் நான் பத்தாங்கிளாஸ் எடுக்கணுமா? அதுவும் அது வரலன்னா எனக்கு அந்தக் கிளாஸும் இல்ல. ஒன் சாமிகிட்ட போயி, அந்தப் பொண்ணு நல்லா ஆவணும், வந்து என்னப் பாக்கணும்னு சொல்லு."

டவுன் பஸ்ஸில் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கொட்டை எதுவும் எடுத்துவரவில்லை, இருந்தாலும் போட வேலை இருந்திருக்காது. கோயில் வாசலில் இறங்கியதும், "நீ உள்ள போ. நான் செருப்பப் பாத்துக்கறேன்" என்று வேப்பமரத்தடியில் நின்றுகொண்டீர்கள். உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும். கோயில் என்றால் வாசல் வரைக்கும்தான் நீங்கள். நான் வற்புறுத்தவில்லை.

உள்ளே எழுதிக்கொடுக்கிறவர், "கோரிக்கை நெறவேறிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"நெறவேறினதுதாங்க பிரச்சனை" என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். முழுக் கதையும் சொல்ல வேண்டியதாயிற்று. எனக்குப் பின்னால் நின்ற கம்மாபுரத்துக்காரர் ஒருவர், நிலத் தகராறுக்காக வந்தவர், தன் கவலையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவழியாக முடித்துக்கொண்டு வெளியே வந்தால், நீங்கள் மரத்தடியை விட்டு வெயிலுக்கு வந்து, கோபுரத்தைப் பார்த்தபடி கண்ணை மூடி நிற்கிறீர்கள். வெறுங்கால். சுடுகிற மண்ணில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு. உங்கள் செருப்பு மரத்தடியில் கிடந்தது.

"ஏன் டீச்சர் செருப்பக் கழட்டிட்டீங்க?"

"காவக் காக்குறவ அதையே மாட்டிக்கிட்டு நின்னா அது காவலா?" என்றீர்கள்.

நான் அதையும் நம்பினேன்.

அங்கிருந்து நேரே பூதாமூரில் மேடம் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போனோம். நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மாவுக்கட்டு முட்டி வரைக்கும். நீங்கள் பக்குவமாக நலம் விசாரித்துக்கொண்டிருந்தீர்கள். என்னால் தாங்க முடியவில்லை. "என்னை மன்னிச்சுக்கம்மா, நான்தான் ஒம்மேல பிராது கட்டினேன்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மேடத்தின் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தார். "எங்க கட்டினே?"

"கொளஞ்சியப்பருகிட்ட."

"எப்ப?"

"போன வெள்ளி."

அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "நானும் அங்கதான் கட்டியிருக்கேன். அதுக்கு முந்துன வெள்ளி. இவ அந்த வண்டிய ஓட்டக் கூடாதுன்னு."

மேடம் தன் காலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீங்கள்தான் வாயைத் திறந்தீர்கள்: "ரெண்டு கேஸையும் ஒண்ணா சேத்து ஒரே நாள்ல முடிச்சுட்டாரு போல." மேடம் சிரித்த சிரிப்பில் கட்டுப்போட்ட கால் நாற்காலியிலிருந்து நழுவப் பார்த்தது. அவர் அம்மா ஓடிவந்து பிடித்தார். அதன்பின் நீங்கள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "ஆட்டோ வெச்சு வரேன் டீச்சர். யாராச்சும் கூட வந்து கையப் புடிச்சா போதும்" என்றார் மேடம். அந்த யாராச்சும் நானாக இருப்பேன் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

அப்படித்தான் நான் ஐந்தாம் வகுப்புக்கு அப்புறம் மறுபடியும் ஒரு வகுப்பில் உட்கார்ந்தேன். கடைசி வரிசை. பக்கத்தில் மேடம், அவர் கால் இன்னொரு நாற்காலியில். என் முந்தானையில் கொட்டை, மடியில் டம்ளர். நீங்கள் கொண்டுவந்த சார்ட்டு, படம், பாட்டு எல்லாம் மேசையில் இருந்தது. ஆனால் பிள்ளைகள் ஒன்றாவது உங்களைப் பார்க்க வேண்டுமே. அத்தனை கழுத்தும் பின்னால் திரும்பி மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது நீங்கள் அதட்டப் போகிறீர்கள், அப்புறம் நிறுத்த மாட்டீர்கள், அலமாரிதான் என்று நினைத்தேன்.

நீங்கள் சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் ஒரே ஒரு வரி எழுதினீர்கள். மேடம் பக்கம் கையைக் காட்டினீர்கள். பிறகு உட்கார்ந்துவிட்டீர்கள். வாயே திறக்கவில்லை. மேடம்தான் எனக்குக் காதில் சொன்னார்: "எங்கிட்ட கேக்கச் சொல்றாங்க."

முதலில் யாரும் எழவில்லை. அப்புறம் முதல் பெஞ்சில் ஒரு குட்டைப் பெண் எழுந்தாள். கழுத்து ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது எனக்கு, இதுதான் நம் வாத்து என்று.

"மேடம். ஹவ் ஃபால்?" என்றாள்.

மேடம் சொன்னார். உடனே இன்னொருத்தி, ரொம்ப வலிக்கிறதா என்றாள். இன்னொரு பையன் டாக்டர் ஊசி போட்டாரா என்றான். ஸ்கூட்டிக்கு என்ன ஆச்சு, குளிப்பது எப்படி, அம்மா திட்டினார்களா. எல்லாம் இங்கிலீஷில்தான். பாதி வார்த்தை, கையும் காலும் சேர்த்து. தெரியாத வார்த்தையைப் பக்கத்தில் இருப்பவனிடம் கேட்டுக் கேட்டு. அம்மா திட்டினார்களா என்றதும் மேடத்துக்குக் கண் கலங்கிச் சிரிப்பு வந்தது. அவர் பேசினார் டீச்சர், அப்படிப் பேசினார். ஆஸ்பத்திரி, மருந்து, தூக்கம் வராதது எல்லாம். நான் வழக்கப்படி கொட்டை போட்டுக்கொண்டே இருந்தேன். நீங்கள் சுண்ணக்கட்டியை நீட்டி நீட்டி அடுத்த பிள்ளையைக் காட்டினீர்கள், அவ்வளவுதான்.

அடக்க முடியாமல் நானும் எழுந்தேன். "நாட்டு வைத்தியருகிட்ட காட்டியிருந்தா சுளுவா போயிருக்குமேம்மா" என்றேன்.

"தனம்" என்றீர்கள். அந்த வகுப்பில் உங்கள் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை அதுதான். உட்கார்ந்துவிட்டேன்.

மணி அடித்தது. மேடம் தன் தாளைப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை. "நான் எங்கங்க எழுதுறது? பேசவே நேரம் சரியா போயிடுச்சு" என்றார். நான் டம்ளரைக் காட்டினேன். "இது முழுக்க நீங்கதாம்மா. டீச்சருக்கு ஒண்ணுதான், அதுவும் என்னாலதான்."

பத்தாம் வகுப்பை யாரும் உங்களிடமிருந்து எடுக்கவில்லை. மே மாதம் மாலையோடு வீட்டுக்கு வந்தபோது, மார்பை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி, கழுத்தை விறைத்துக்கொண்டு வாசலில் நின்று காட்டினீர்கள். இந்த முறை நான் தைலம் எடுக்கவில்லை.

அப்புறம் மகளோடு புதுச்சேரிக்குப் போய்விட்டீர்கள். பக்கத்துப் போர்ஷனுக்கு வேறு யாரோ வந்தார்கள், சுவர் சுவராகவே இருந்தது. உங்களுக்கு வாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது என்று போன் வந்ததும் ஓடிவந்தேன். உங்களுக்குப் பேச்சு நின்றதா என்று என்னால் நம்ப முடியவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசினேன். கம்பெனி, சூளை, மருமகள், பழமலைநாதர் தேர், ஒன்றும் விடவில்லை. நடுவில் டங் என்று சத்தம். இடது கையில் இருந்த ஸ்பூனால் தண்ணீர் டம்ளரைத் தட்டியிருக்கிறீர்கள். மகள் தண்ணீர் கேட்கிறீர்கள் என்று ஓடிவந்தாள்.

"தண்ணி இல்லம்மா. எனக்கு ஒரு கொட்டை விழுந்திருக்குது" என்றேன்.

உங்கள் வாயின் ஒரு பக்கம் சிரித்தது. நான் நிறுத்தினேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். நாம் சும்மா இருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அந்தச் சத்தம் என்னோடு வந்துவிட்டது. யாரிடமாவது மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ டங் என்று கேட்கும். நிறுத்துவேன். போன மாதம் அப்படித்தான் மருமகளிடம் நிறுத்தினேன். அவள் கொஞ்சம் முழித்துவிட்டு, "அத்தை, நான் தபால்ல பி.எட். படிக்கட்டுமா?" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்க நினைத்தாளாம். என் பேச்சுக்கு நடுவில் இடம் கிடைக்கவில்லையாம். இப்போது உங்கள் வாத்தையும் கிளிகளையும் அவள் அலமாரியில்தான் அடுக்கியிருக்கிறேன். வாத்து முன்வரிசையில்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னால் சொன்னதுதான்.

வீட்டுக்காரர் பரணிலிருந்து குரல் கொடுக்கிறார், வேறு ஏதாவது மேலே வைக்க வேண்டுமா என்று. என் செருப்பைக் கொடுக்க வேண்டும். நாளை மறுநாள் தை பிறக்கிறது, முருகனுக்கு நேர்ந்துகொண்டபடி தைப்பூசம் முடிகிற வரைக்கும் அது பரணில்தான் இருக்கும், கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான்.

டீச்சர், நாம் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனதும் தையில்தான், பூசத்துக்கு முந்தி. அன்றைக்கு நான் செருப்பே போட்டுக்கொண்டு வரவில்லை.